தவறிய கணத்தைத் தேடும் வித்தை

பிளவக்கல் அணையின் நீர் கண்மாய்களை நிரப்பி, மடை வழியே வயல்களுக்குப் பாயும் கான்சாபுரம், கூமாப்பட்டி, வத்திராயிருப்புப் பகுதியில் பிறந்து, கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் உள்ள பொறியியல் கல்லூரிகளில் கணினி இயல் பயின்று, பட்டம் கைக்கு வந்ததும் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிற இளைஞர்கள் புத்தியிலோ உழைப்பிலோ யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆயினும், கணினிக்குள் நடக்கவேண்டிய ஒரு காரியம் நடக்காமற்போனால், அது ஏன் நடக்கவில்லை என்று கிரமமாகத் தேடிக் கண்டுபிடிக்கும் வித்தையை அவர்களுக்கு முறையாகக் கற்பிப்பவர் அரிதாகவே இருக்கின்றனர் என்பது நெடுநாளாக என் மனத்தை உறுத்திவரும் விஷயம். பரீட்சைக்கு வரும் வினாவுக்கு விடை எழுதப் பழகியவன், விடையே தெரியாத குறையின் முன்னால் திகைத்து நிற்பது இயல்புதானே!

கணினியை ஆளும் மென்பொருளின் மையமாகிய கெர்னல், தன்கீழ் இயங்கும் நிரல்கள் அனைத்துக்கும் காலத்தைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்புடையது. இத்தனை மில்லி விநாடி கழித்து என்னை எழுப்பு என்று வேண்டிக்கொண்டு ஒரு நிரல் உறங்கப் போனால், கெர்னல் அவ்வேண்டுகோளைக் குறித்துக்கொண்டு, பிராசஸரில் உள்ள டைமரை அந்த நேரத்துக்கு அமைத்து வைக்கிறது. நேரம் வந்ததும் டைமர், இன்டரப்ட் எனப்படும் குறுக்கீட்டுச் சைகை ஒன்றை அனுப்ப, உறங்கிய நிரல் எழுந்து தன் காரியத்தைத் தொடர்கிறது. அந்த இன்டரப்ட் ஒன்று தவறினால், எழவேண்டியது எழாது; அதை எதிர்பார்த்திருக்கும் மற்றொன்றும் எழாது; இப்படியே ஒன்றன்பின் ஒன்றாக நின்று, முடிவில் யந்திரமே ஸ்தம்பித்துவிடவும் கூடும். செய்யத் தகாததைச் செய்துவிட்ட நிரல் எங்கேனும் தன் அடிச்சுவட்டை விட்டுச் செல்லும். நடக்கவேண்டியது நடவாமற்போனதற்கோ சுவடு என்பதே கிடையாது. அனுபவம் மிக்க பொறியாளர்களும் இவ்வகைக் குறை என்றால் அஞ்சுவது இக்காரணம் பற்றியே.

இத்தகைய குறை ஒன்றை, இந்தியாவிலிருந்து பணியாற்றிய ஐபிஎம் பொறியாளர் பிரீத்தி யு. மூர்த்தி 2015-ஆம் ஆண்டில் தீர்த்துவைத்த வரலாறு நம் வித்தியார்த்திகள் ஒவ்வொருவரும் அறியத் தக்கது. ஐபிஎம் நிறுவனத்தின் பவர் வகைக் கணினிகளில், வேலையில்லாத பிராசஸர் மின்சாரத்தை மிச்சப்படுத்த ஆழ்ந்த உறக்கத்துக்குச் செல்லுகையில் அதன் சொந்த டைமரும் நின்றுபோகும்; அதை எழுப்பப் புறத்தே தனி டைமரும் கிடையாது. ஆகவே, லினக்ஸ் கெர்னலின் காலநிர்வாகப் பகுதியைப் பராமரிக்கும் தாமஸ் கிளைக்ஸ்னரும் பிரீத்தியும் சேர்ந்து, 2014-இல் ஓர் ஏற்பாட்டை அமைத்தனர்: பிராசஸர்களுள் ஒன்று மட்டும் ஆழ்ந்து உறங்காமல் இருந்து, மற்றவை எழவேண்டிய நேரங்களைத் தன் பொறுப்பில் ஏற்று, உரிய கணத்தில் ஒவ்வொன்றையும் எழுப்பவேண்டும். முறைத்தண்ணீர் விடும் இரவில், ஊரார் உறங்க, நீர்பாய்ச்சி ஒருவர் விழித்திருந்து அவரவர் முறை வந்ததும் வீடு வீடாகச் சென்று எழுப்புவதைக் கண்டவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒருங்கே விளங்கும்.

பிராசஸர்களை நிறுத்துவதும் மீண்டும் இயக்குவதுமாகக் கணினியை வருத்திச் சோதித்தபோது, அது ஸ்தம்பித்து எச்சரிக்கைகளைக் கக்கியது. காரணத்தைத் தேடிப் போனால், அகப்பட்ட நிகழ்ச்சி வரிசை வியப்பூட்டுவது. எழுப்பும் பொறுப்பிலிருந்த பிராசஸரையே நிறுத்தும்படி கட்டளை பிறக்கிறது. அதுவும் பணிந்து, இன்டரப்டுகளை ஏற்பதை நிறுத்திக்கொள்கிறது. கட்டளையிட்ட பிராசஸரோ, மற்றது முற்றிலும் நின்றுவிட்டதா என்று 100 மில்லி விநாடிக்கு ஒரு முறை பார்ப்பதற்காக இடையே உறங்கச் செல்கிறது. செல்லும்போது, தன்னை எழுப்பும் காரியத்தை, இனி எதையும் கேட்க இயலாத அந்தப் பிராசஸரிடமே ஒப்படைத்துவிடுகிறது. பொறுப்பை வேறொன்றுக்கு மாற்றும் நிரல் வரிகள் இல்லாமலில்லை. ஆனால் அவை, உறங்கியது எழுந்த பின்னரே நிறைவேறும்படி எழுதப்பட்டிருந்தன. எழுப்புவார் இல்லாமையால் அது எழவே இல்லை. பரிகாரமோ மிக எளிது: நிற்கப்போகும் பிராசஸருக்காகக் காத்திருக்கத் தொடங்கும் முன்பே, அதன் பொறுப்பைத் தான் ஏற்றுக்கொண்டுவிட வேண்டும். சில வரிகளே மாறின.

பிராசஸர்களின் உறக்க நிலைகளை ஒழுங்குபடுத்த அண்மையில் செய்யப்பட்ட வேறொரு திருத்தத்துக்குப் பிறகே இக்குறை வெளிப்பட்டது. அவசரக்காரர் அத்திருத்தத்தைக் குற்றவாளியாக்கி நீக்கிவிட்டு நிம்மதி அடைந்திருப்பார். அது மறைந்து கிடந்த குறையை அம்பலப்படுத்தியதேயன்றி அதை உண்டாக்கவில்லை என்று பகுத்துணர்ந்ததே இங்கு மெச்சத் தக்க விவேகம் என்பது என் அபிப்பிராயம். பதறாமல் தேடுவதற்கு இன்னோர் உதாரணமும் உண்டு. 1997 ஜூலை 4-இல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்திலும், முக்கியமான பணியொன்று உரிய நேரத்துக்குள் முடியாமற்போக, கலத்தின் கணினி அடிக்கடி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. பொறியாளர்கள் ஊகத்தில் காலங்கடத்தாமல், பூமியில் இருந்த ஒப்புக் கணினியில் அதே குறையை வரவழைத்துக் கண்ட பின்னரே திருத்தத்தை அனுப்பினர். குறையை வேண்டும்போது வரவழைக்கத் தெரிவதே பாதித் தீர்வு.

குறை தேடும் இந்த வித்தையைப் பயிலப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. அரசு வழங்கி, இன்று வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் பழைய மடிக்கணினியில் லினக்ஸை நிறுவினால் போதும். கணினி நிர்வாகியின் அதிகாரத்துடன் ஒரு சிறு கோப்பில் பூஜ்யம் என்று எழுதினால் இரண்டாவது பிராசஸர் ஓய்ந்துவிடும், ஒன்று என்று எழுதினால் மீண்டும் இயங்கும். காத்திருக்கும் டைமர்களின் பட்டியலையும், எந்தப் பிராசஸருக்கு எத்தனை இன்டரப்ட் வந்தது என்ற கணக்கையும் கெர்னலே கோப்புகளாகக் காட்டும். மேலே சொன்ன குறை அதில் நேராது. ஏனெனில் சாதாரண மடிக்கணினிக்குப் புறத்தே டைமர் உண்டு. எனினும், பார்க்கவும் குறித்துக்கொள்ளவும் ஊகத்தைச் சோதிக்கவும் மாணவனின் கை பழகிவிடும். கெர்னலின் மூல நிரலும், அதில் யார் எப்போது எந்த வரியை எக்காரணத்தால் மாற்றினார் என்ற வரலாறும் விலையின்றி எவருக்கும் கிடைக்கின்றன.

நம் வட்டாரக் கல்லூரிகளின் ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே: வரும் பருவத்தில் ஆய்வகத்துக்கென ஒதுக்கிய மணிகளில் ஒரு பகுதியைப் பிழை தேடும் பயிற்சிக்கு அளியுங்கள், தீர்ந்துபோன உண்மையான குறை ஒன்றை, தீர்வைச் சொல்லாமல் மாணவர் கையில் கொடுங்கள், விடை சரியா என்பதற்கு மட்டுமன்றி, அவர்கள் தேடிய வழிக்கும் மதிப்பெண் போடுங்கள்.