கடிதம் போட்டால் கடமை முடிந்ததா?

அமெரிக்காவில் நான்ஸி கேப்பெல்லோ என்ற பெண்மணி வருஷம் தவறாமல் மேமோகிராம் எடுத்தவர். எல்லாமே நார்மல். 2004-ல், அப்படியொரு நார்மல் ரிப்போர்ட் வந்த சில வாரங்களிலேயே முற்றிய மார்பகப் புற்றுநோய்! காரணம், அடர்த்தியான மார்பகம். படத்தில் அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அரிசி மாவில் உப்பைத் தேடுகிற கதை.

அவர் விடவில்லை. போராடினார். 'உங்களுக்கு அடர்த்தி' என்று பெண்ணிடம் சொல்லியே ஆகவேண்டும் என 2009-ல் கனெக்டிகட்டில் சட்டம் வந்தது. 2024 செப்டம்பரிலிருந்து நாடு முழுக்க. சந்தோஷம். அப்புறம்? எம்.ஆர்.ஐ.க்கு யார் காசு கொடுப்பது? விதியில் ஒரு வார்த்தை கிடையாது. சில மாநிலங்கள் மட்டும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியிருக்கின்றன.

நெதர்லாந்து ஆய்வு 2019-ல் வந்தது. மிக அடர்த்தியுள்ள 40,000 பெண்கள். இரண்டு சோதனைகளுக்கு நடுவே முளைத்த புற்றுநோய், மேமோகிராம் மட்டும் எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு 5. எம்.ஆர்.ஐ.க்கும் அழைக்கப்பட்டவர்களில் 2.5. பாதி!

'வீண் பயமும் வருமே?' வாஸ்தவம். முதல் சுற்றில் ஆயிரத்துக்கு 80 பேருக்குப் பொய் எச்சரிக்கை. மரணம் குறைகிறதா என்பதும் இன்னும் நிரூபணமாகவில்லை. சரி, அதை எடைபோட வேண்டியது அந்தப் பெண்ணா, அவள் பர்ஸா?

நீங்களே சொல்லுங்கள். 'உன் வீட்டில் பாம்பு இருக்கலாம்' என்று சொல்லிவிட்டு, 'டார்ச் வேணும்னா காசு குடு' என்பது எந்த ஊர் நியாயம்?