மலைக்கு அந்தப் பக்கத்தவன் எப்படி நிமிர்ந்தான்?



உடுமலையிலிருந்து மறையூர் போகும் சாலையில் சின்னாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். மேற்கே பொள்ளாச்சி வழியாகப் போனால் பாலக்காடு. நமக்கும் அவர்களுக்கும் நடுவே இருப்பது ஒரு மலையும் ஒரு கணவாயும்தான். அங்கிருந்தும் ஆள் வளைகுடாவுக்குப் போகிறான், இங்கிருந்தும் போகிறான். அதே ரியாத், அதே துபாய், அதே வெயில், அதே கஃபீல், ஒரே அறையில் அடுக்கடுக்காகக் கட்டில். ஆனால் இருபது ஆண்டு கழித்துத் திரும்பி வந்து நிற்கும்போது இருவர் நிலையும் ஒன்றாக இருப்பதில்லை. ஏன்?

"மலையாளி கெட்டிக்காரன். அவனுக்கு நல்ல சம்பளம்" என்று சொல்லி நாம் எழுந்து போய்விடுகிறோம். இந்தப் பதில் சரிதானா என்று ஒருமுறையாவது கணக்குப் போட்டுப் பார்த்தோமா?

கணக்கு என்ன சொல்கிறது?

2014ஆம் ஆண்டு கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பின்படி வெளிநாட்டில் இருந்த கேரளத்தார் ஏறத்தாழ 24 லட்சம் பேர். மறு ஆண்டு, 2015இல், தமிழ்நாட்டிலும் அதே முறையில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. வெளிநாட்டில் இருந்த தமிழ்நாட்டார் ஏறத்தாழ 22 லட்சம் பேர்! ஆச்சரியமாக இருக்கிறதா? அவர்கள் அனுப்பிய பணம் ஆண்டுக்குச் சுமார் 71 ஆயிரம் கோடி ரூபாய். நம்மவர்கள் அனுப்பியது சுமார் 62 ஆயிரம் கோடி. தலைக்கு வகுத்துப் பாருங்கள். அவர்களுக்கு ஆண்டுக்கு 3 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நமக்கு 2 லட்சத்து 80 ஆயிரம். நமது கணக்கில் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களின் பணமும் சேர்ந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கணக்கில் இல்லை.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கேரளத்தின் மக்கள் 3 கோடியே 34 லட்சம். நாமோ 7 கோடியே 21 லட்சம். ஆகவே கேரளத்தில் வெளிநாட்டுக்காரன் என்பவன் ஊரையே தாங்கும் தூண். அவனைப் பகைத்துக்கொண்டு அங்கே எந்தக் கட்சியும் ஆட்சிக்கு வர முடியாது. இங்கே அவன் கூட்டத்தில் ஒருவன். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை போன்ற ஊர்களிலாவது தெருவுக்குத் தெரு பயணம் போனவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒருவருக்கு ஒன்றென்றால் ஊரே கூடும். நம் கொங்குச் சீமையில் நிலைமை வேறு. பனியன் கம்பெனிக்கும் பஞ்சாலைக்கும் போகிற பிள்ளைகளுக்கு நடுவே ஒருவன் சவூதிக்குப் போனால், அவன் தனியாகத்தான் போகிறான். தனியாகத்தான் மாட்டிக்கொள்கிறான்!

உலகத்தில் இன்னொரு பாடம்

இதே கதை உலகின் இன்னொரு மூலையிலும் நடந்திருக்கிறது. மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ், நிகரகுவா என்று இரண்டு அண்டை நாடுகள். இரண்டும் ஏழை நாடுகள்; ஒரே மொழி பேசுபவை. 1998இல் 'மிட்ச்' என்ற புயல் இரண்டையும் சேர்த்துச் சீரழித்தது. 1999இல் அமெரிக்கா, தன் மண்ணில் இருந்த இரு நாட்டாருக்கும் தற்காலிகப் பாதுகாப்பு என்ற பெயரில் தங்கி வேலை செய்ய அனுமதி கொடுத்தது. ஆனால் அதற்கு முன்பே, 1997இல், அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருந்தது. அதன்படி நிகரகுவா மக்களில் தகுதியுள்ளோர் நிரந்தரமாகத் தங்கும் உரிமை அட்டை பெற வழி பிறந்தது. ஹோண்டுராஸ்காரனுக்கு அந்த வழி இல்லை.

விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். ஒருவன் கையில் நிரந்தரக் காகிதம். அவன் கடன் வாங்கிக் கடை வைக்கலாம், வீடு வாங்கலாம், முதலாளி சரியில்லை என்றால் வேலையை உதறலாம். இன்னொருவன் கையில் ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய தற்காலிகக் காகிதம். 2025இல் அமெரிக்க அரசு அந்தத் தற்காலிகப் பாதுகாப்பையும் முடித்துக்கொள்வதாக அறிவித்தது. கால் நூற்றாண்டு உழைத்தவன் மறுபடியும் முதல் படியில்! உழைப்பில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. கையிலிருந்த காகிதமும், அதைப் பெற்றுத் தரக் குரல் கொடுத்தவர்களும்தான் வித்தியாசம்.

நம் முன்னோர் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. மலாயாவுக்குப் போன தமிழ் முஸ்லிம் வணிகர்களில் பலர் 1957 சுதந்திரத்தை ஒட்டிக் குடியுரிமை பெற்றார்கள். இன்றும் அவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே உணவகமும் நாணய மாற்றுக் கடையும் நடத்துகிறார்கள். பர்மாவுக்குப் போனவர்கள்? 1964இல் இராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியபோது, கட்டிய துணியோடு கப்பலேறினார்கள். சென்னைக் கடற்கரை எதிரே இருக்கும் பர்மா பஜார் அந்த வேதனையின் நினைவுச் சின்னம். இருவரும் ஒரே ஊர்களிலிருந்து போனவர்கள்தானே!

வளைகுடாவிலோ சாதாரணத் தொழிலாளிக்குக் குடியுரிமை என்ற பேச்சே இல்லை. அங்கே போகிறவன் என்றைக்காவது திரும்பித்தான் ஆக வேண்டும். ஆகவே அவனுடைய பொருளாதாரம் பாதி அங்கே தீர்மானமாகிறது. மீதிப் பாதி இங்கே, ஊரில் தீர்மானமாகிறது. மலையாளச் சகோதரர்கள் முந்திக்கொண்டது இந்த இரண்டாவது பாதியில்தான்.

அவர்கள் செய்தது என்ன?

முதலாவது, தங்களை எண்ணிக்கொண்டார்கள். திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையம் 1998இலேயே முதல் கணக்கெடுப்பை நடத்தியது. அதன்பின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். 2023 கணக்கில் 22 லட்சம் பேர், ஆண்டுக்கு 2 லட்சம் கோடிக்கும் மேல் பணம் என்று விரல்விட்டுச் சொல்கிறார்கள். நம்மை முதன்முதலாக அப்படி எண்ணியது, அவர்கள் எண்ணத் தொடங்கி 17 ஆண்டு கழித்து! எண்ணப்படாதவனுக்கு எந்த அரசு திட்டம் போடும்?

இரண்டாவது, அரசை அசைத்தார்கள். 1996இல் வெளிநாட்டுவாழ் கேரளத்தாருக்கென்று 'நோர்க்கா' என்ற தனித்துறை வந்தது. 2008இல் பிரவாசி நல வாரியச் சட்டம். குறைந்தது ஐந்தாண்டு சந்தா கட்டியவருக்கு 60 வயதுக்குப் பின் மாத ஓய்வூதியம். இங்கே 2011இல் வெளிநாடுவாழ் தமிழர் நலச் சட்டம் இயற்றினார்கள். ஆனால் துறையும் வாரியமும் உயிர்பெறப் பத்தாண்டு பிடித்தது. ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் நாள் என்று அறிவித்ததே 2021இல்தான். இப்போது வாரியம் இருக்கிறது, உறுப்பினராகப் பதியவும் வழி இருக்கிறது. உங்கள் தெருவில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள்? கேட்டுப் பாருங்கள்!

மூன்றாவது, தங்களுக்குள் சங்கம் கட்டினார்கள். வளைகுடாவின் நகரங்களில் கே.எம்.சி.சி. என்ற பெயரைக் கேள்விப்படாத இந்தியத் தொழிலாளி குறைவு. ஜனாஸாவை ஊருக்கு அனுப்புவது முதல், சம்பளம் கொடுக்காத கம்பெனி மீது புகார் எழுதிக் கொடுப்பது வரை அவர்கள் ஓடுகிறார்கள். 2024 ஏப்ரலில் நடந்ததை மறந்துவிட்டோமா? சவூதிச் சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த ஒரு கேரளச் சகோதரருக்காக, இரத்த ஈட்டுத்தொகையாக 34 கோடி ரூபாய் திரட்டினார்கள். மதம் பாராமல் மக்கள் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண மக்கள். பணத்தைவிட முக்கியம், யாரிடம் கொடுத்தால் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அவர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பற்றி எரிந்தது. இரண்டு நாளில் விமானம் உடல்களைக் கொண்டுவந்தது. வந்து இறங்கிய இடம் கொச்சி. அங்கே இறக்கப்பட்ட 31 உடல்களில் 23 கேரளத்தார், 7 தமிழ்நாட்டார், ஒருவர் கர்நாடகத்தார். இரு மாநில அரசுகளும் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் அறிவித்தன. செத்த பிறகு கிடைப்பதில் வித்தியாசம் இல்லை சகோதரர்களே! உயிரோடு இருக்கும்போது கிடைப்பதில்தான் வித்தியாசம்.

அதற்காகக் கேரளம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பூட்டிக் கிடக்கும் மாளிகைகள், நகைக்கடையில் கொட்டிய சம்பாத்தியம், கடனோடு திரும்பியவர்கள் அங்கேயும் உண்டு. நல்லதைப் பார்ப்போம்; அவர்களின் ஆடம்பரத்தை நகலெடுக்க வேண்டாம்.

நம் பணம் எங்கே போகிறது?

முதல் ஓட்டை விசாவில். சட்டப்படி, பதிவுபெற்ற முகவர் தன் சேவைக்கு 30 ஆயிரம் ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே வாங்கலாம். நம் பிள்ளைகள் லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். அதையும் வட்டிக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள்! உம்மாவின் நகை அடகில், வாப்பாவின் இடப்பத்திரம் அடமானத்தில். போன முதல் இரண்டாண்டும் அவன் உழைப்பது வட்டிக்காரனுக்காக. வட்டியை ஹராம் என்று மேடையில் முழங்குகிற நாம், வட்டியில்லாமல் அவனை அனுப்பி வைக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்?

இரண்டாவது ஓட்டை 'ஃப்ரீ விசா'. அப்படி ஒரு விசா எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை. ஒருவன் பெயரில் போய் வேறொருவனிடம் வேலை செய்தால் அது குற்றம். கஃபீல் ஓடிப்போனவன் என்று 'ஹுரூப்' எழுதிவிட்டால், இகாமா போச்சு, சம்பளம் போச்சு, ஊர் திரும்பும் வழியும் போச்சு. சுற்றுலா விசாவில் போய் வேலை தேடுபவனும் இதே குழியில்தான் விழுகிறான். முறையாகக் குடியேற்ற அனுமதி பெற்றுப் போகிறவனுக்கு, 275 ரூபாய் கட்டணத்தில் இரண்டு ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் காப்பு உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டுக்கு அரசே இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. குறுக்கு வழியில் போனவனுக்கு அதுவும் இல்லை.

மூன்றாவது ஓட்டை ஊரில். பணம் வந்ததும் மாடி, மாடி முடிந்ததும் கல்யாணம், கல்யாணம் முடிந்ததும் வரதட்சணைக் கடன். கடை ஒன்று இல்லை, தொழில் ஒன்று இல்லை. திரும்பி வந்தவன் ஆறே மாதத்தில் மறுபடியும் விசா தேடுகிறான். ஒரு காலத்தில் நம் சமுதாய வணிகர்கள் எப்படி இருந்தார்கள்? 1951இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரி, அதே ஆண்டு சென்னையில் புதுக்கல்லூரி, 1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி. வியாபாரத்தில் வந்த பணம் தலைமுறைகளுக்குக் கல்வியானது. வளைகுடாப் பணம் நம் பக்கத்தில் எத்தனை கல்விக்கூடம் ஆகியிருக்கிறது? விரல்கள் மிச்சமாகின்றன!

இளைஞனே, வணிகனே, உன்னிடம்...

இளைஞனே! போகாதே என்று தடுக்கவில்லை. ரிஸ்க்கைத் தேடிப் பயணம் போவது இபாதத்தான். ஆனால் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது! அந்த வசனத்தை ஓதுகிற சமுதாயம், சம்பளம் எவ்வளவு, வேலை என்ன, விடுப்பு எப்போது என்று எழுத்தில் கேட்க வெட்கப்படலாமா? ஒப்பந்தம், கடவுச்சீட்டு, விசா மூன்றின் நகலையும் வீட்டில் வைத்துவிட்டுப் போ. போவதற்கு முன் ஒரு தொழிலைக் கற்றுக்கொள். வெல்டிங்கோ, ஏ.சி. மெக்கானிக்கோ, கனரக வாகன ஓட்டுநர் உரிமமோ எதுவாவது கையில் இருக்கட்டும். வெறுங்கையோடு போகிறவனுக்குக் கூலி நிர்ணயிப்பது மற்றவன்.

வணிகப் பெருமக்களே! கறிக்கடையோ பழக்கடையோ இரும்புக்கடையோ, ஊரில் வேரூன்றியவர்கள் நீங்கள்தான். திரும்பி வருகிற பிள்ளைக்கு வியாபாரம் தெரியாது. ஆனால் கையில் கொஞ்சம் பணம் இருக்கும். உங்களுக்கு வியாபாரம் தெரியும், முதல் போதாது. கூட்டு வியாபாரத்தை நம் மார்க்கம் அனுமதித்திருக்கிறதே! லாபமும் நட்டமும் பங்கு என்று எழுதி வைத்து அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் மறுபடியும் விமானம் ஏற வேண்டாம். நீங்களும் கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்க வேண்டாம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு மூன்று கோரிக்கைகள். ஒன்று, மஹல்லாவில் ஒரு பதிவேடு வையுங்கள்: யார், எந்த நாட்டில், எந்தக் கம்பெனியில், ஊரில் தொடர்புக்கு யார். நிக்காஹ் பதிவேடு வைக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமா? இரண்டு, பைத்துல்மாலில் ஒரு பகுதியைப் பயணக் கடனாக, வட்டியில்லாமல், முறையான விசாவுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு கொடுங்கள். போனவன் மாதத் தவணையில் திருப்பினால் அடுத்தவன் போவான். மூன்று, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மேசை போட்டு உட்கார்ந்து, வெளிநாட்டில் இருப்போரின் குடும்பங்களுக்கு அயலகத் தமிழர் நல வாரியப் பதிவைச் செய்து கொடுங்கள். இந்து, கிறிஸ்தவ அண்டை வீட்டார் வந்தாலும் செய்து கொடுங்கள். பாலைவன வெயில் ஆள் பார்த்து அடிப்பதில்லை.

இது ஒன்றும் நடக்காத காரியமல்ல. மலைக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருக்கிற காரியம். வருகிற ஜும்ஆவுக்குள் உங்கள் பள்ளியில் அந்தப் பதிவேட்டின் முதல் பக்கமாவது நிரம்பட்டும். இன்ஷா அல்லாஹ், யார் தொடங்கப் போகிறீர்கள்?