பாட்டியின் குரல்

இக்காலத்தில் காமிரா இல்லாத வீட்டைக் காண்பது அரிதாகிவிட்டது. தனிக் காமிரா இல்லாதவர்களுக்கும் செல்போனிலேயே ஒன்று அமைந்திருக்கிறது. காதுகுத்து, கல்யாணம், சதாபிஷேகம் எதுவானாலும் படம் எடுத்துவிடுகிறோம். ஆனால், பத்து வருஷம் கழித்து அந்தப் படத்தை ஓட்டிப் பார்க்கும்போது என்ன நேருகிறது? பாட்டியின் முகம் தெளிவாய்த் தெரிகிறது, பொக்கைவாய்ச் சிரிப்பும் தெரிகிறது, உதடுகள் அசைகின்றன. காதில் விழுவதோ மின்சார விசிறியின் இரைச்சலும், அடுக்களையில் குக்கர் போடும் சீட்டியுந்தான்! பாட்டி என்ன சொன்னாள் என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாமென்றால் பாட்டியும் இப்போது இல்லை.

முகத்தைக் காப்பாற்றப் பழைய போட்டோ ஒன்று போதும். குரல் அப்படியல்ல, போனால் போனதுதான். ஆகையால், காமிராவுடன் இணைத்துக்கொள்ளும் கம்பியில்லா மைக்கைப் பற்றி இவ்வாரம் சில வார்த்தைகள்.

குற்றம் காமிராவினுடையது அன்று. அதிலுள்ள மைக் இருக்கும் இடந்தான் பொருத்தமில்லை. ஒலி பிறந்த இடத்திலிருந்து தூரம் இரு மடங்கானால், அதன் வலிமை நாலில் ஒரு பங்காகிவிடும் என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிகப் பாடம். வாயிலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ள மைக்கை 2 மீட்டர் தூரத்துக்குக் கொண்டுபோனால், அதற்கு நேரே வந்து சேரும் குரலின் வலிமை நூறில் ஒரு பங்குதான். விசிறியின் சப்தமோ அறை முழுதும் நிரம்பி நிற்கிறது. எனவே, காமிரா எட்டவும் மைக் கிட்டவும் இருக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவே கம்பி ஓடினால் குழந்தைகள் தடுக்கி விழுவார்கள். இந்தச் சங்கடத்தைத் தீர்க்க வந்ததே கம்பியில்லா மைக்.

1964-ஆம் வருஷம் வெளியான ‘மை ஃபேர் லேடி’ என்ற ஆங்கிலப் படத்தில் நடித்த ரெக்ஸ் ஹாரிஸன், முன்கூட்டிப் பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க இணங்கவில்லை. ஆகவே, அவருடைய கழுத்து ‘டை’யில் கம்பியில்லா மைக்கை ஒளித்து வைத்துப் படம் பிடித்தார்கள். ஒலிப்பதிவுக்கான ஆஸ்கார் பரிசும் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. அன்று பெரிய ஸ்டூடியோக்களுக்கு மட்டுமே எட்டிய வசதி இன்று சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவின் ரோட் கம்பெனி 2019-ல் வெளியிட்ட ‘வயர்லெஸ் கோ’வில், மைக் அடங்கிய அனுப்பும் பெட்டியின் எடை 31 கிராம்தான்.

இத்தகைய கருவியில் குறைந்தது இரண்டு பெட்டிகள் உண்டு. பேசுகிறவர் மார்பில் மாட்டுவது அனுப்பும் பெட்டி. காமிராவின் தலைமேல் செருகுவது வாங்கும் பெட்டி. வாங்கும் பெட்டியிலிருந்து வரும் சிறு கம்பியை, மைக் படம் போட்ட துவாரத்தில்தான் செருகவேண்டும். ஹெட்போன் துவாரத்தில் செருகினால், காமிரா பழையபடி தன் சொந்த மைக்கையே நம்பியிருக்கும். கம்பியின் முனையைக் கவனியுங்கள்: வளையம் இரண்டு இருந்தால் காமிராவுக்கு, மூன்று இருந்தால் செல்போனுக்கு.

அடுத்தது ஒலியளவு. காமிரா தானாகவே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டை முதலில் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால், பாட்டி சற்று யோசிப்பதற்காகப் பேச்சை நிறுத்தியதும், “அடடா, சப்தம் குறைந்துவிட்டதே!” என்று காமிரா எண்ணி, விசிறியின் இரைச்சலைத் தூக்கிக் கொடுக்கும். காமிராவின் அளவைத் தாழ்த்தி, வாங்கும் பெட்டியின் அளவை உயர்த்தி வைப்பதே நல்லது. சாதாரணப் பேச்சின் உச்சம், அளவுகோலில் மைனஸ் 12 டெசிபலுக்கு அருகில் நின்றால் போதும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் உடைந்துவிடும்; உடைந்ததைச் செம்மையாய் ஒட்டவைக்க முடியாது. பாட்டி எப்போது வாய்விட்டுச் சிரிப்பாள் என்று யார் கண்டார்கள்? அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்த இடைவெளி.

மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே, மார்பின் நடுவில் மாட்டவேண்டும். இங்கேதான் நம் வீடுகளுக்கே உரிய தொல்லைகள் எழுகின்றன. பட்டுப் புடவை சரசரக்கும்; தாலிச் சரடு மைக்கில் இடிக்கும்; தாத்தாவாயிருந்தால் ருத்திராட்ச மாலை கடகடக்கும். சரட்டை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளலாம். மாலையைச் சற்று நேரம் கழற்றி வைக்கலாம். பட்டுக்குப் பதிலாகத் தினந்தோறும் உடுத்தும் நூல் புடவையே போதுமென்றால், பாட்டிக்கும் பெரிய நிம்மதி.

இக்கருவிகளிற் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கின்றன. குறைந்த சக்தியுள்ள கருவிகள் இதை லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்கலாமென்று இந்திய அரசாங்கம் 2005-ல் விதி செய்தது. ஆனால், வை-ஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இதே வீதியில்தான் நடமாடுகின்றன! மேலும், நம் உடம்பிலுள்ள நீர் இந்த அலைகளை விழுங்கிவிடும். எழுபது மீட்டர் எட்டும் என்று பெட்டியில் போட்டிருப்பது திறந்த வெளிக்குத்தான். ஜனங்கள் நிறைந்த கல்யாண மண்டபத்துக்கு அன்று. பேசுகிறவர் காமிராவைப் பார்த்தபடி உட்கார்ந்தாலே பாதித் தொல்லை தீர்ந்தது.

எல்லாம் சரியாயிருக்கிறதா என்று அறியக் கண்ணை நம்பவேண்டாம். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அரை நிமிஷம் பதிவு செய்து, திருப்பிப் போட்டுக் கேளுங்கள். முக்கியமாய், விசிறியை நிறுத்துங்கள். எந்தக் கருவியும் அதற்கு ஈடாகாது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. மார்பில் மாட்டிய மைக், பாட்டி எழுந்து அடுத்த அறைக்குப் போனாலும் கேட்டுக்கொண்டே இருக்கும். அங்கே அவள் மருமகளிடம் அந்தரங்கமாய்ச் சொல்வதும் பதிவாகிவிடலாம். பதிவு செய்வதை முன்பே சொல்லிச் சம்மதம் பெறுவதும், அவள் எழுந்ததும் மைக்கைக் கழற்றிவிடுவதும் நம் கடமை. பெரியவர்களின் குரலை விரும்புகிறவர்கள் அவர்களுடைய மௌனத்தையும் மதிக்கவேண்டும்.

கருவி வாங்க வசதியில்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. ஒரு செல்போன் படம் எடுக்கட்டும். இன்னொன்றைப் பாட்டியின் மடியருகே வைத்துக் குரலை மட்டும் பதியவிடுங்கள். ஆரம்பத்தில் ஒரு முறை கையைத் தட்டினால், பிற்பாடு படத்தையும் ஒலியையும் பொருத்த அந்தத் தட்டல் அடையாளமாகும்.

“ஏதாவது பேசு, பாட்டி” என்றால் அவளுக்கு ஒன்றும் தோன்றாது. ஆவக்காய் எப்படிப் போடுவது என்று கேளுங்கள்; தாத்தாவை முதன்முதலில் பார்த்தது எங்கே என்று கேளுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள். அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.