மேலே சொல்லியாச்சு!

ஜோ பட்டெர்னோவை உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1966 முதல் 2011 வரை ஃபுட்பால் தலைமைப் பயிற்சியாளர். (அங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. ஏன் 'ஃபுட்' என்று என்னைக் கேட்காதீர்கள்!) 409 வெற்றிகள். கல்லூரி ஆட்டம்தானே என்று நினைக்க வேண்டாம், அந்த ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தப் பணத்தையே அள்ளிக் கொடுத்தவர். நூலகத்தில் அவர் பெயர் இருக்கிறது. 2001 நவம்பரில் வெண்கலச் சிலையும் வைத்தார்கள்.

அதே 2001 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, ஓர் இளம் உதவியாளர் அவர் வீட்டுக்கு வந்தார். பட்டெர்னோவிடம் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜெர்ரி சாண்டஸ்கி, குளியலறையில் ஒரு சிறுவனிடம் தகாத முறையில் நடந்ததைப் பார்த்தேன் என்றார். பட்டெர்னோ என்ன செய்தார்? விளையாட்டுத் துறை இயக்குநரிடம் சொன்னார். அதுவும் உடனே இல்லை. அவர்களுடைய வார விடுமுறையைக் கெடுக்க வேண்டாமே என்று தாமதித்ததாக அவரே பின்னால் சாட்சி சொன்னார்.

போலீஸுக்கு யாரும் போகவில்லை. அந்தப் பையன் யார், எந்த வீட்டுப் பிள்ளை என்று ஒருத்தர்கூட விசாரிக்கவில்லை.

'மேலே சொல்லிட்டாரே, வேற என்ன செய்வார்?' என்கிறார்கள் அவருடைய பக்தர்கள். எது சார் மேலே? அதே இயக்குநரும் பல்கலைக்கழகத் தலைவரும் 2004-ல் பட்டெர்னோ வீட்டுக்குப் போய், ஓய்வு பெறுங்களேன் என்று கேட்டார்கள். முடியாது என்றார். இரண்டு 'மேலதிகாரி'களும் பேசாமல் திரும்பிவிட்டார்கள். இதுதான் அவருடைய மேலிடம்! தன் வேலை போகும் என்றால் அசைக்க முடியாத ஆள், ஒரு குழந்தை விஷயத்தில் மட்டும் சாதாரண குமாஸ்தா ஆகிவிட்டார். சட்டம் அவர் மீது வழக்குப் போடவில்லை, உண்மைதான். நான் சட்டம் பேசவில்லை.

2011 நவம்பரில் சாண்டஸ்கி கைதானார். பட்டெர்னோவை நீக்கினார்கள். அன்று இரவு மாணவர்கள் தெருவில் இறங்கி ஒரு டி.வி. வேனைக் குப்புறத் தள்ளினார்கள். குழந்தைகளுக்காக இல்லை, கோச்சுக்காக! இன்னும் அதிகமாகச் செய்திருக்கலாம் என்று பட்டெர்னோவே வருந்தினார். 2012 ஜனவரியில் இறந்தார். அந்த ஜூனில் சாண்டஸ்கி மீதான 45 குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின. ஜூலையில் சிலையை எடுத்தார்கள், கணக்கிலிருந்து 111 வெற்றிகளை அடித்தார்கள்.

அந்த 111 வெற்றிகளுக்காக வழக்கு, சண்டை. 2015-ல் அத்தனையும் திரும்பக் கிடைத்தன. 2016-ல் அவருடைய முதல் ஆட்டத்தின் ஐம்பதாம் ஆண்டு என்று அதே ஸ்டேடியத்தில் விழாவும் எடுத்தார்கள்.