கரிசல் நிலத்தின் நடைவழிகள்

இயற்கையைப் பார்க்கப் போகிறோம் என்றால் குற்றாலத்துக்கோ கொடைக்கானலுக்கோ பஸ் ஏறிவிடுவது நம் பக்கத்து வழக்கம். அருவியும் மேகமும் உள்ள இடமே பார்க்கத் தகுந்தது என்றும், வானத்தை நம்பி மானாவாரி விதைக்கிற நம்முடைய பிரதேசம் கடந்து போவதற்கு மட்டுமே ஏற்பட்டது என்றும் ஓர் அபிப்பிராயம், வெளியூர்க்காரர்களைவிட நம்மவர் மனத்திலேதான் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் பல வருஷங்களாக நடந்து பழகியவன் என்கிற உரிமையில் அந்த அபிப்பிராயத்தை மறுக்க விரும்புகிறேன்.

கரிசலில் நடப்பதற்கென்று ஒரு பருவம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த மண் நீரைக் குடித்து உப்பிக் களியாகிவிடும். பத்து எட்டு வைப்பதற்குள் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பின் கனத்துக்கு மண் அப்பிக்கொள்ள, அதைக் குச்சியால் சுரண்டி எறிந்துவிட்டு நடந்தால் மறுபடியும் அப்பும். சித்திரை, வைகாசியிலோ அதே மண் சுருங்கி, கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும்; வெயில் மனிதரை வெளியே விடாது. இவ்விரண்டுக்கும் நடுவே, மார்கழி பிறந்து மாசி முடிகிற வரையில், உளுந்தும் பாசியும் நெற்றாகி, சோளம் கதிர் வாங்கி, மல்லிச் செடி வெள்ளையாய்ப் பூத்து நிற்கையில், மத்திய ஆசியாவின் புல்வெளிகளிலிருந்து குளிருக்குத் தப்பி வந்த பூனைப்பருந்து பயிருக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் இறக்கையை அசைக்காமல் மிதந்து போகிற காட்சியைப் பொழியில் நின்று ஒரு தடவை பார்த்தவர், இந்த நிலத்தை வெறும் பொட்டல் என்று பிறகு சொல்லமாட்டார். உடைமரமும் பனையும் தவிர மறைப்பு ஒன்றும் இல்லாததால், அடிவானம் நாலு பக்கமும் முழுசாகக் கிடைக்கிற சௌந்தரியம் மலை நாட்டில் இல்லாதது.

ஒரு நாள் நடைக்கு நான் முதலில் சொல்லும் வழி கோவில்பட்டியிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் கழுகுமலை. விடியுமுன் புறப்பட்டால், வெகு தூரத்திலேயே அந்த மொட்டைப் பாறை கண்ணில் பட்டுவிடும். பிறகு எந்த ஓடையில் இறங்கி எந்தக் கண்மாய்க்கரை ஏறினாலும் அதுவே வழிகாட்டும். பாறையின் மேலே, எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் சுற்றிலும் கல்லை அகழ்ந்துவிட்டு நடுவில் விட்ட ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்து, சிகரத்தைப் பூர்த்தி செய்து, அடிப்பகுதியை அப்படியே விட்டுப்போன வெட்டுவான் கோயில் இருக்கிறது. எந்தக் கோபுரத்தையும் நாம் அண்ணாந்து பார்க்கிறோம். இந்த விமானத்தை மட்டும் பாறை விளிம்பில் நின்று குனிந்து பார்க்கவேண்டும். அங்கே தக்ஷிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உளி விட்ட இடத்தில் கையை வைத்துப் பார்த்தால், வேலை நேற்று நின்றாற்போலக் கல் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது.

அதே மலையில் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் பாறையில், சிற்பங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தவர் பெயர்கள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவர்களில் திருச்சாரணத்துக் குரத்தியர் உண்டு. திருச்சாரணம் என்பது இன்றைய கன்னியாகுமரி ஜில்லாவின் சிதறால் மலை. குரத்தி என்பவள் சமணப் பெண் ஆசிரியை. சமணத் துறவிகள் வாகனம் ஏறுவதில்லை. ஆகவே ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் கல்வியின் பொருட்டு இந்த மலைக்கு வந்த அந்தப் பெண்கள், இதே மண்ணை மிதித்துத்தான் வந்திருக்கவேண்டும்.

இன்று அப்படி நடக்க வழி எங்கே இருக்கிறது? ரெவின்யூ வரைபடத்தில் வண்டிப்பாதை என்று போட்டிருக்கும் தடங்களில் சில உழவுக்குள் போய்விட்டன. சில சீமைக்கருவேலம் அடைத்து, ஆடு மேய்ப்பவர் நுழையக்கூட முடியாமல் கிடக்கின்றன. சிலவற்றின் குறுக்கே கம்பிவேலி ஓடுகிறது. பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலைக்குக் கால்நடையாகப் போகிற பக்தர்கள் தார்ரோட்டின் ஓரத்தில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதை வருஷந்தோறும் பார்க்கிறேன். அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடிய முருகன் சந்நிதிக்குப் போகிறவர்கள் இவர்கள்.

2018-இல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற பலரைப் பறிகொடுத்த பிறகு, மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்து, 2024-இல் வனத்துறை 40 பாதைகளைத் திறந்தது, நல்ல காரியம்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மலையும் காடும் சார்ந்தவை. இங்கிலாந்தில் 1949-இல் சட்டம் இயற்றி, ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த தடங்களை, தனியார் வயலின் ஊடே போனாலும், படத்தில் குறித்து உரிமையாக்கினார்கள்; விவசாயியும் நடப்பவரும் அங்கே விரோதிகளாகிவிடவில்லை. நம் பக்கத்தில் பெரும்பாலும் வயலைத் தொடவே வேண்டியதில்லை. பாதை ஏற்கெனவே புறம்போக்காகவே இருக்கிறது.

சிமெண்டுத் தளமோ அலங்கார வளைவோ நான் கேட்கவில்லை. அவை வந்தால் கரிசலின் அழகு போய்விடும். சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்து கல் நடட்டும், சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து அந்த இடத்தில் வேம்பும் பனையும் ஊன்றட்டும், வழியிலுள்ள ஊருணிகளைத் தூர்வாரட்டும். கோவில்பட்டிப் பக்கத்துக் குருமலைக் காப்புக்காட்டில் மான்கள் இருப்பதால், அங்கே மட்டும் வனக்காவலர் துணையோடு, அளவாக, மழைக்குப் பிந்திய மாதங்களில் அனுமதித்தால் போதும்.

கழுகுமலைப் பாதையிலிருந்து ஆரம்பிக்கலாம். தை அறுப்பு முடிந்ததும் வேலையைத் தொடங்கினால், பங்குனி உத்திரத்துக்குப் போகிறவர்கள் அந்த வருஷமே தார்ரோட்டை விட்டுக் கீழே இறங்கி, மண்ணில் நடந்து போய்ச் சேரலாம்.