பாஸ் 'அப்செட்'டுனா கோபமா, வருத்தமா? மெயில் தட்டும் முன் இதைப் படிங்க!

"டீம் லீடர் செம அப்செட்" என்று ஆபீஸில் கிசுகிசுக்கிறார்கள். "சீட் கிடைக்காததால் மூத்த நிர்வாகி அப்செட்" என்று செய்தித் தலைப்பு வருகிறது. அவர் கத்தினாரா, கண் கலங்கினாரா, பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டாரா? அதை மட்டும் இந்தச் சொல் சொல்லாது. தலைப்பு போடுபவர்களுக்கு அது ரொம்ப வசதி. மெயில் எழுதுபவருக்குத்தான் சிக்கல்.

ஆங்கிலத்தில் இது முதலில் 'நிமிர்த்தி நிறுத்து' என்ற பொருளில் இருந்த சொல். நம்பக் கஷ்டம்தான், பிறகு நேர் எதிராக மாறி, 'கவிழ்த்துவிடு' என்றானது. படகு கவிழ்ந்தாலும் அப்செட், வயிறு புரட்டினாலும் அப்செட். 1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் வெஸ்ட் இண்டீஸை இந்தியா 43 ரன்களில் வீழ்த்தியதும் அப்செட்தான். மனசு நிலைகுலைவது இதன் நீட்சி.

தமிழில் இதற்கு மிக நெருக்கமான சொல் 'வருத்தம்'. "தாத்தா இறந்ததில் அவனுக்கு வருத்தம்" என்றால் துக்கம். "அவனுக்கு என் மேல வருத்தம்" என்றால் அடக்கி வைத்த கோபம். அப்செட்டும் அப்படியே இரண்டு பக்கமும் சாயும். எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது அடுத்து வரும் குட்டிச் சொல்.

'அப்செட் வித்' என்று போட்டால் பின்னால் வருவது பொதுவாக ஓர் ஆள். 'ஐ ஆம் அப்செட் வித் யூ' என்பது "உங்க மேலதான் கோபம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்வது. 'அப்செட் அபவுட்' என்றால் பின்னால் வருவது விஷயம். அப்ரைசல் குறைந்துபோன கடுப்பில் மேனேஜருக்கு மெயில் அனுப்புகிறீர்களா? 'அபவுட் த ரேட்டிங்' என்று எழுதினால் பேச இடமிருக்கும். 'வித் யூ' என்றால் அது குற்றச்சாட்டு. அலுவல் மெயிலில் 'டிஸப்பாயின்டட்' இன்னும் பாதுகாப்பு.

'அப்செட்டட்' என்று ஒரு சொல் கிடையாது. இறந்த காலத்துக்கும் 'அப்செட்'டே போதும்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வரும். நாளைய இன்டர்வியூவை நினைத்து வயிற்றைக் கலக்கினால் அது அப்செட் அல்ல, 'ஆங்ஷியஸ்'. அப்செட் ஆக, பெரும்பாலும் ஏதோ ஒன்று ஏற்கெனவே நடந்திருக்க வேண்டும். இன்டர்வியூ சொதப்பி வெளியே வந்த பிறகு, தாராளமா அப்செட் ஆகலாம்.