திருமுழுக்குப் பதிவேடும் சாதிச் சான்றிதழும்: புதுவையிலிருந்து ஒரு கேள்வி

2024 நவம்பர் 26, அரசமைப்பு நாள். அன்றுதான் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்துத் தந்தைக்கும் கிறிஸ்தவத் தாய்க்கும் பிறந்த அவர், அரசு எழுத்தர் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரியிருந்தார். தாம் இந்து சமயத்தையே பின்பற்றுவதாக வாதிட்டார். ஆனால், பிறந்த இரண்டு மாதங்களுக்குள் வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலத்தில் அவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டதற்கான பதிவு அவருக்கு எதிரான சான்றாயிற்று. உண்மையான நம்பிக்கையின்றி இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசமைப்பின் மீதான மோசடி என்றது நீதிமன்றம்.

கிறிஸ்தவ நம்பிக்கைக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், தேர்தல் காலத்தில் ஆயர்கள் விடுக்கும் அறிக்கைகளே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. தலித் கிறிஸ்தவர்களுக்கோ அத்தொடர்பு வட்டாட்சியர் அலுவலகத்தில் தொடங்குகிறது. ஆலயத்தின் பதிவேடு அங்கே குடியுரிமையின் அளவுகோலாகிறது.

தேங்காய்த்திட்டில் ஒரே தெருவில் வாழும் இரண்டு ஆதிதிராவிடர் குடும்பங்களை எண்ணிப் பார்ப்போம். ஒரு குடும்பம் அம்மன் கோயிலுக்குச் செல்கிறது. மற்றொன்று ஞாயிறு திருப்பலிக்குச் செல்கிறது. ஊரார் இருவரையும் ஒரே பெயரால்தான் அடையாளம் காண்கின்றனர். ஆனால் பட்டியல் சாதி இடஒதுக்கீடு முதல் குடும்பத்துக்கு மட்டுமே உண்டு. புதுச்சேரிச் சட்டப்பேரவைக்குத் தேர்தல் நடக்கும் 30 தொகுதிகளில் 5 தனித்தொகுதிகள். அவற்றில் இரண்டாவது குடும்பம் வாக்களிக்கலாம். வேட்பாளராக நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கேள்விக்குரியதாகிறது. மதம் மாறியவர் அச்சட்டத்தை நாட முடியாது என ஆந்திர உயர் நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது.

இந்த வேறுபாட்டின் வேர் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையில் இருக்கிறது. அது பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு கட்டியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அக்கதவு திறந்தது. புதுச்சேரிக்கென 1964இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையும் கிறிஸ்தவரையும் இஸ்லாமியரையும் வெளியே நிறுத்துகிறது. கிறிஸ்தவத்தில் தீண்டாமை இல்லை என்பதே இன்றளவும் ஒன்றிய அரசின் வாதம்.

1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நிபந்தனை விதித்தது: மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, அதன் கொடுமையும் புதிய சமயத்தில் அதே கடுமையுடன் தொடர்வதை மெய்ப்பிக்க வேண்டும். அந்தச் சான்றைத் தேடிப் புதுவையில் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பே போதும். தேவாலயத்துக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி அவர் 1745இல் எழுதுகிறார். ஒடுக்கப்பட்டோர் குருவிடம் முறையிட்டதன் பேரில் சுவர் அகற்றப்பட்டதையும், அதற்காகச் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்ததையும் பதிவு செய்கிறார். சமத்துவம் கேட்டுத் திருச்சபைக்குள் நடந்த அப்போராட்டத்துக்கு ஏறத்தாழ 280 ஆண்டு வயதாகிறது.

அது முடிந்துவிடவுமில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொள்கிறது. புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குத் தலித் பேராயர் வேண்டும் என்ற கோரிக்கை 2022இல் நிறைவேறாதபோது, தலித் கிறிஸ்தவ இயக்கங்கள் வீதியில் எதிர்ப்புத் தெரிவித்தன. ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலானதும் அதே ஆண்டில்தான். அது வரவேற்கத்தக்க மாற்றம். ஆயினும் ஒருவரின் உயர்வு, பங்குகளிலும் கல்லறைகளிலும் நிலவும் பாகுபாட்டுக்கு விடையாகிவிடாது.

இங்கேதான் ஒரு முரண் வெளிப்படுகிறது. டெல்லியில் திருச்சபைத் தலைமை, ‘மதம் மாறினாலும் சாதிக் கொடுமை தொடர்கிறது, பட்டியல் சாதித் தகுதி வேண்டும்’ என்கிறது. தலித் மக்கள் உள்ளூரில் அதே கொடுமையைச் சுட்டிக்காட்டும்போது, ‘கிறிஸ்துவில் நாம் அனைவரும் ஒன்று’ என்ற மறுமொழியே பெரும்பாலும் கிடைக்கிறது. ஒன்றிய அரசோ அந்த மறுமொழியையே எடுத்து உரிமையை மறுக்கப் பயன்படுத்துகிறது. இரு அதிகார பீடங்களும் வெவ்வேறு நோக்கில் ஒரே வாக்கியத்தைச் சொல்லும்போது, நடுவில் நசுங்குவது தலித் கிறிஸ்தவரே.

அரசிடமும் திருச்சபையிடமும் எழுப்பப்படும் கோரிக்கைகளை நாம் பிரித்துப் பார்க்க முடியாது. பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் தலித் கிறிஸ்தவர்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு காத்திருக்க, 2022இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டு, அதன் காலமும் நீட்டிக்கப்பட்டது. ஆணையங்கள் மாறிமாறி வர, வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதைப் பல தலைமுறைகள் கடந்துவிட்டன.

புதுச்சேரிச் சட்டப்பேரவையும் தன் நிலைப்பாட்டைத் தீர்மானமாக அறிவிக்கட்டும். உயர்மறைமாவட்டம் தன் கல்வி நிலையங்களிலும் நிர்வாகப் பொறுப்புகளிலும் தலித் மக்களின் பங்கு எவ்வளவு என்பதை வெளிப்படையாக வெளியிடட்டும். இரண்டுக்கும் டெல்லியின் அனுமதி தேவையில்லை.

ஒருவர் எந்தக் கடவுளை வணங்குகிறார் என்பது அவருடைய மனச்சான்றுக்குரியது. அவரை ஊர் எங்கே நிறுத்தி வைத்திருக்கிறது என்பதே அரசு ஆராய வேண்டியது.